'பதவி விலகு' என்பதற்கு முன்னால்

ஏதாவது விபரீதம் நடந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் நம் வாட்சாப் குழுக்களில் ஒரே குரல் எழும்பிவிடும்: அமைச்சர் பதவி விலக வேண்டும். வெள்ளமானாலும் அதுதான், மருத்துவமனையில் கட்டில் இல்லை என்றாலும் அதுதான், தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கிய பணம் வந்து சேரவில்லை என்றாலும் அதுதான். அந்தக் கோபத்தில் தவறே இல்லை. ஆனால் இரண்டு நாளில் குரல் அடங்கிவிடுகிறது. அமைச்சரும் இருக்கிறார், பிரச்சினையும் இருக்கிறது. அதனால் நான் இப்போதெல்லாம் வேறு சிலவற்றைத் தேடிப் பார்க்கிறேன். அந்த அமைச்சர் மக்களவையில் எழுந்து பதில் சொன்னாரா? என்ன சொன்னார்? அவர் உட்கார்ந்த பிறகு, "சரி, அப்படியானால் இது ஏன் நடந்தது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டது யார்?

கோலாலம்பூர் செந்தூலில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு பெங்காஜியான் ஆம், அதாவது பொதுப் பாடம், டியூஷன் எடுக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வுக்காக நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதித்துறை எல்லாவற்றையும் அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 43ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு ஒரே ஒரு வரிதான்: அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. அதற்கு அடுத்த உட்பிரிவு, மக்களவையில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பிரதமர் இழந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறது. நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி மாமன்னரிடம் அவர் கேட்கலாம். மாமன்னர் இணங்கவில்லை என்றால் அமைச்சரவை முழுதும் வெளியேற வேண்டும். பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் "ஓர் அமைச்சர் தன் இலாகாவில் நடந்த தவறுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். ஏனென்றால் அது அந்த வரியில் இல்லை. தனி அமைச்சரின் பொறுப்பு பெரும்பாலும் மரபாக வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வளர்ந்து, அந்த முறையை எடுத்துக்கொண்ட நாடுகளுக்கெல்லாம் பரவியது. அமைச்சர் நேரில் பார்த்தே இராத ஓர் அதிகாரி, அவர் கேள்விப்பட்டே இராத ஒரு கோப்பில் செய்த காரியத்துக்கும் அவையில் எழுந்து நிற்க வேண்டியவர் அமைச்சர்தான். அதிகாரி அவைக்குள் வந்து பேச முடியாது. அதனால் இவர் பேசியே ஆக வேண்டும்.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் அங்கே தமிழர்கள் நிறைய. அமைச்சர் என்ற பேச்சு எழுந்தாலே அவர் சொல்வது ஒரே பெயர், லால் பகதூர் சாஸ்திரி. ரயில்வேக்காரருக்கு ரயில்வே அமைச்சர்தானே பெரிசு. 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூர் அருகே கவிழ்ந்தது. வெள்ளம் மருதையாற்றுப் பாலத்தைச் சேதப்படுத்தியிருந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மெகபூப்நகரில் ஒரு ரயில் விபத்து; அப்போதே சாஸ்திரி விலகுவதாகச் சொல்லி, நேரு ஒப்புக்கொள்ளவில்லை. அரியலூருக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். இந்த விபத்துக்கு சாஸ்திரிதான் காரணம் என்று நேரு சொல்லவில்லை. அரசியலமைப்பு ஒழுங்குக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்.

தமிழ்நாட்டில் அந்த விபத்தின் சூடு அதோடு போய்விடவில்லை. அப்போது ரயில்வே துணையமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன். மறு ஆண்டுத் தேர்தலில் திமுகவினர் "அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா" என்று முழங்கினார்கள். அப்பா இதை ராகத்தோடு சொல்வார். சிறு வயதில் எனக்கு அது ஒரு பாட்டு மாதிரித்தான் தெரிந்தது. ஒரு துணையமைச்சரின் பெயரையும் ஓர் ஊரின் பெயரையும் சேர்த்துக் கட்டி, அவர் ஓட்டுக் கேட்டு வரும் இடமெல்லாம் அந்த விபத்தையும் கூடவே வரவைத்திருக்கிறார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

என் மாணவர்களும் கட்டுரையில் சாஸ்திரியைத்தான் எழுதுவார்கள். எழுதட்டும், அந்த மனிதரின் நேர்மை மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனால் பொறுப்புடைமை எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் இன்னொன்று இருக்கிறது. அதிலும் ஒரு தமிழர்தான் இருக்கிறார், டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

1957இல் இந்தியாவின் ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது அப்போது புதிதாக அரசுடைமையான எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனங்கள் அவை. காப்பீட்டுப் பணம் பொதுமக்களின் பணம். மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி வந்தது. நிதியமைச்சர் டி.டி.கே. தரப்பிலிருந்து முதலில் வந்த பதில் யாருக்கும் நிறைவு தரவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி எழுந்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். ஆவணங்களை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். விசாரணை ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். செயலாளர் செய்தது எனக்குத் தெரியாது என்று அமைச்சர் ஒதுங்கிக்கொள்ள முடியாது, செயலாளரின் செயலுக்கு அரசியலமைப்புப்படி அமைச்சரே பொறுப்பு என்பது அவர் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

இந்த வரிசையைத்தான் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது. முதலில் கேள்வி, பிறகு நிறைவில்லாத பதில், அதன்மேல் மறுகேள்வி, ஆவணம், விசாரணை, கடைசியில் பதவி விலகல். அரியலூரில் கடைசிப் படி மட்டும்தான் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. முந்த்ரா விவகாரத்தில் ஒவ்வொரு படியும் தெரிகிறது. அதிலும் இந்த எல்லாவற்றையும் நகர்த்தியவர் எதிர்க்கட்சித் தலைவர் அல்லர், அரசாங்கத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அந்த ஆளை நீக்கிப் பாருங்கள், மிச்சம் எதுவும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே என்னை உறுத்துவது அந்தப் பின்வரிசைதான்.

2015 ஜூலை 28. 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் நிதி முறைகேட்டு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்த நிறுவனம் நிதியமைச்சின் முழு உடைமை, நிதியமைச்சர் பிரதமர் நஜிப்பே. ஆக, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சரும் அவர், அந்த அமைச்சரைக் கண்டிக்க வேண்டிய பிரதமரும் அவர். அன்று அமைச்சரவை மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1எம்டிபி பற்றி வெளிப்படையாகப் பேசிய துணைப்பிரதமர் முஹிடின் யாசின் நீக்கப்பட்டார், அமைச்சர் ஷாபி அப்டாலும் நீக்கப்பட்டார். இதெல்லாம் தலைப்புச் செய்தியானது. ஆனால் அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. 1எம்டிபியை விசாரித்துக்கொண்டிருந்த, அரசாங்கச் செலவுகளை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் நூர் ஜஸ்லானுக்குத் துணை உள்துறை அமைச்சர் பதவி. குழு உறுப்பினர்கள் இன்னும் மூவருக்கும் அரசாங்கத்தில் இடம். அரசாங்கப் பதவியில் இருப்பவர் அந்தக் குழுவில் இருக்க முடியாது. விசாரணை அப்படியே நின்றது, அக்டோபரில் நாடாளுமன்றம் கூடிப் புதியவர்களை நியமிக்கும் வரை. கேட்பவர்களை எதிரிகளாக்கக்கூட வேண்டியதில்லை. அமைச்சரவைக்குள் அழைத்துக்கொண்டால் போதும், அவர்கள் பதில் சொல்லும் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். தேர்வு வழிகாட்டி நூல்களில் இந்தத் தேதி இருப்பதில்லை. நான் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

2020இல் வேறு விதம். முஹிடின் பிரதமரானபோது அமைச்சர்கள், துணையமைச்சர்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 70 பேர். மக்களவையில் மொத்தமே 222 இடங்கள், அவருக்கு இருந்ததோ நூலிழைப் பெரும்பான்மை. செனட்டர்களைக் கழித்துவிட்டாலும், அரசாங்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கும் மேல் அரசாங்கத்திலேயே இருந்தார்கள். பதவி கிடைக்காத எம்.பி.க்களுக்கு அரசு சார்பு நிறுவனங்களில் தலைவர் பொறுப்பு தரப்படும் என்று அப்போதைய சட்ட விவகார அமைச்சரே சொன்னார். அமைச்சரவையில் இருப்பவர் கூட்டுப் பொறுப்பின்படி அரசாங்கத்தின் முடிவை ஆதரித்துத்தான் பேச வேண்டும். நியமனப் பதவியில் இருப்பவருக்குப் பதவி போய்விடுமோ என்ற பயம். பிறகு பெரோஸ் காந்தி எங்கிருந்து வருவார்?

அதே சட்ட விவகார அமைச்சர் தக்கியுடின் ஹசான் 2021இல் மக்களவையில் சொன்ன ஒரு வாக்கியம் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஆண்டு ஜனவரி 12 முதல் அவசரகாலம். நாடாளுமன்றம் மாதக்கணக்கில் கூடவில்லை. கடைசியில் ஜூலை 26 சிறப்புக் கூட்டம் கூடியது. அன்று அவர் எழுந்து, அவசரகாலச் சட்டங்கள் எல்லாவற்றையும் அரசாங்கம் ஜூலை 21ஆம் தேதியே ரத்து செய்துவிட்டது என்றார். மூன்று நாள் கழித்து, 29ஆம் தேதி, அரண்மனையிலிருந்து அறிக்கை: மாமன்னரின் சம்மதம் இல்லாமல் ரத்து அறிவிக்கப்பட்டது, அவையில் சொன்னது சரியானதல்ல, உறுப்பினர்களைக் குழப்பியது என்று. அன்று மாலை என் அடுப்பங்கரையில் கைப்பேசியில் அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றேன்.

ஏன் இவ்வளவு பெரிசு? வெளியே ஆயிரம் பேசலாம், மேடையில் எதையும் சொல்லலாம். அவைக்குள் அமைச்சர் சொல்வது உண்மை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டால்தான் கேள்வி நேரத்துக்கே அர்த்தம் உண்டு. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். குடியேறிகளை வெளியேற்றுவதற்கு எண்ணிக்கை இலக்கு இல்லை என்ற பொருளில் நாடாளுமன்றக் குழுவிடம் பேசியிருந்தார், இலக்கு இருந்தது தெரிந்தது. தெரியாமல் தவறான தகவல் கொடுத்துவிட்டேன் என்று விலகினார். தெரியாமல் என்றாலும் விலகினார். இங்கே, 2021இல், ஆகஸ்ட் 2ஆம் தேதி கூட வேண்டிய கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்துக்குப் போக முயன்று தடுக்கப்பட்டு டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் திரண்டார்கள். பெரும்பான்மை கரைந்து ஆகஸ்ட் 16இல் முஹிடின் அரசாங்கம் விலகியது. 43ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவு கண்முன்னே நடந்தது. ஆனால் அந்த வாக்கியத்துக்குத் தனியாக யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அமைந்த இஸ்மாயில் சப்ரி அமைச்சரவையில் தக்கியுடின் எரிசக்தி, இயற்கை வளத்துறை அமைச்சரானார். இதை எழுதும்போது இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

எல்லாமே இருட்டு என்று சொல்ல வரவில்லை. 2018க்குப் பிறகு நாடாளுமன்றத்தில், எம்.பி.க்கள் கூடி ஆராயும் சிறப்புத் தேர்வுக் குழுக்கள் வந்தன. பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற வழக்கம் மெல்ல ஊன்றியது. 2022 ஆகஸ்ட் 4ஆம் தேதி அந்தக் குழு கடலோரப் போர்க்கப்பல் திட்டம் பற்றி வெளியிட்ட அறிக்கையை மறக்க முடியாது. ஆறு கப்பல்கள், சுமார் 900 கோடி ரிங்கிட் ஒப்பந்தம். 608 கோடி ரிங்கிட் கொடுத்தாயிற்று, ஒரு கப்பல்கூட முடியவில்லை. அப்போது குழுவின் தலைவர், எதிர்க்கட்சியான ஜசெகவின் (ஜனநாயக செயல் கட்சி) வோங் கா வோ. பாசார் மீன் கடையில் நிற்கும்போதுகூட "எங்கே கப்பல்?" என்று பேசிக்கொண்டதைக் கேட்டேன். பெரும் தொகையை விடவும் அந்த எளிய கேள்வி மக்களைத் தொட்டது. தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும் இல்லாமல் இப்படி ஒரு கேள்வி பாசாருக்கு வந்து சேராது.

செவ்வாய்க்கிழமைகளில் பிரதமரே பதில் சொல்லும் நேரம் 2023இலிருந்து நடக்கிறது. நல்ல விஷயம்தான். பிள்ளைகளை ஆர்டிஎம் நேரலையில் பார்க்கச் சொல்வேன். ஆனால் முதல் பதிலைப் பார்க்காதீர்கள் என்பேன். அது அதிகாரிகள் எழுதிக்கொடுத்தது, வாசித்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் துணைக்கேள்வியைப் பாருங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வருவது அது. அமைச்சருக்குத் தன் இலாகா தெரியுமா என்பது அங்கேதான் வெளிப்படும். "எழுத்துபூர்வமாகப் பதில் தருகிறேன்" என்று எத்தனை பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று கவனித்து வையுங்கள், அந்த எழுத்துப் பதில் வந்ததா என்று பிறகு தேடிப் பாருங்கள்.

இப்போது கோலாலம்பூர்க்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். என் அக்கா பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். அவள் வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டால், அவளுடைய சட்டமன்ற உறுப்பினரிடம் போவாள். பினாங்கு சட்டமன்றத்தில் அந்த ஊராட்சி மன்றங்களுக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து பதில் சொல்வார். ஊராட்சித் தேர்தல் அங்கேயும் இல்லைதான். அதை மீண்டும் கொண்டுவர பினாங்கு அரசாங்கம் சட்டமியற்றிப் பார்த்து, 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. இருந்தாலும் அவளுக்கு ஒரு சட்டமன்றம் இருக்கிறது. எங்களுக்கு அதுவும் கிடையாது. 1961இலிருந்து தலைநகரை நிர்வகிப்பவர் நியமிக்கப்பட்டவர். 1974 பிப்ரவரி முதல் தேதி கூட்டரசுப் பிரதேசமான பிறகு சிலாங்கூர் சட்டமன்றமும் எங்களுக்கு இல்லாமல் போனது. டத்தோ பண்டாரை, அதாவது மேயரை, நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எங்களுக்கு இருப்பது 11 எம்.பி.க்களும், அவர்கள் கேள்வி கேட்கக்கூடிய ஓர் அமைச்சரும். அதனால் எங்கள் சாக்கடை, குப்பை, மரம், அடுக்குமாடி எல்லாவற்றுக்கும் அமைச்சர் பொறுப்புடைமை என்பது பாடப்புத்தக விஷயம் அல்ல. வேறு வாசலே இல்லை.

அந்த வாசல் எவ்வளவு எளிதில் மூடும் என்பதற்கு புக்கிட் கியாரா. இன்றைக்குத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் பூங்காவும் மலையுமாக இருக்கும் இடம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனதும் அங்கே பால் மரம் வெட்டிய குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய நீளவீடுகளில் குடியேற்றப்பட்டன. தற்காலிகம் என்றுதான் பேச்சு. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தாயிற்று. இதற்கிடையில் கூட்டரசுப் பிரதேச அமைச்சு கலைக்கப்பட்டது, பிரதமர் துறைக்குள் போனது, 2004இல் மறுபடி உருவானது, 2022 இறுதியில் தனி அமைச்சரே இல்லாமல் ஓராண்டு ஓடியது, 2023 டிசம்பரில் மீண்டும் ஓர் அமைச்சர் வந்தார். வந்த அமைச்சர்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "அது என் காலத்துக்கு முன்னால் நடந்தது" என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் இடம் இருந்தது.

2017இல் தாமான் ரிம்பா கியாராவில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட அனுமதி கொடுக்கப்பட்டது. அந்தத் திட்டத்துக்குள்ளேதான் நீளவீட்டுக்காரர்களுக்கான வீடுகளும் இருந்தன. பூங்கா போகிறதே என்று தாமான் துன் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நிலம் ஓர் அறவாரியத்தின் பெயரில்; அனுமதி கொடுக்க வேண்டிய டத்தோ பண்டாரே அந்த அறவாரியத்தின் அறங்காவலர்களில் ஒருவர். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரல் 18இல் குடியிருப்பாளர்கள் வென்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நகரின் கட்டமைப்புத் திட்டத்திலிருந்து விலகி முடிவெடுத்தால் அதற்கு டத்தோ பண்டார் காரணம் சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எனக்கு அந்தத் தீர்ப்பில் நிறைவு உண்டு. ஆனால் காரணம் கேட்க ஒரு நகரத்து மக்கள் ஆறு ஆண்டு வழக்கு நடத்த வேண்டுமா? அவையில் ஒரு மறுகேள்வியில் வந்திருக்க வேண்டிய பதில் அது. வழக்கு நடத்த வசதி உள்ளவர்களுக்கு நீதிமன்றம் இருக்கிறது. நீளவீட்டுக் கூரைக்குக் கீழே காத்திருந்தவர்களுக்கு நீதிமன்றத்தின் வெற்றியும் காத்திருப்பாகவே வந்து சேர்ந்தது. பூங்காவும் வேண்டும், அவர்களுக்கு வீடும் வேண்டும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது யார் என்று நான் கேட்கிறேன். நாற்பது ஆண்டுகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பலர், ஆனால் நாற்காலி ஒன்றுதான். புதிதாக வருபவர் பழைய வாக்குறுதியையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார். அமைச்சர் பொறுப்பு என்ற மரபில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். ஆள் மாறலாம், பதில் சொல்லும் கடமை மாறுவதில்லை.

இந்திய சமூக மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவிலும் இதையேதான் பார்க்கிறேன். 2014இல் செடிக் என்று தொடங்கி, 2018இல் மித்ராவாகப் பெயர் மாறியது. இந்திய சமூகத்துக்கென்று ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட். 2021இல் நிதி முறைகேடு என்று ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்து, பலரைக் கைது செய்தது. அந்தப் பிரிவு பிரதமர் துறையில் இருந்திருக்கிறது, ஒற்றுமைத்துறை அமைச்சில் இருந்திருக்கிறது, மறுபடி மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நம் பத்திரிகைகளில் எந்த அமைச்சின் கீழ் இருந்தால் நல்லது என்று பெரிய விவாதம் நடக்கும். எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். இடம் மாறும்போது முந்திய ஆண்டுகளின் கணக்கும் கூடவே மாறிப் போகிறதா, அதைக் கேட்டால் எழுந்து நிற்கப் போவது யார், இது மட்டும் எனக்குத் தெளிவாக வேண்டும்.

போன தவணை வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண், "டீச்சர், நாமே கேட்கலாமா?" என்றாள். நாம் கேட்க முடியாது, நம் எம்.பி. கேட்கலாம், அவரிடம் நாம் கேட்கச் சொல்லலாம் என்றேன். அப்படியே எல்லாரும் உட்கார்ந்து ஒரு கேள்வி எழுதினோம். கேள்வி எழுதுவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்தது. "மித்ரா ஏன் சரியாக வேலை செய்யவில்லை?" என்று ஒரு பையன் தொடங்கினான். அப்படிக் கேட்டால் "அரசாங்கம் இந்திய சமூகத்தின் மேம்பாட்டில் கடப்பாடு கொண்டுள்ளது" என்று அரைப்பக்கம் பதில் வரும் என்று நாடாளுமன்ற அறிக்கையிலிருந்தே சில பதில்களை எடுத்துக் காட்டினேன். அடித்துத் திருத்தினார்கள். ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, திருப்பி அனுப்பியது எவ்வளவு. ஒவ்வோர் ஆண்டும் ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் எந்த அமைச்சரிடம் இருந்தது. மானியம் வாங்கியும் அறிக்கை கொடுக்காத அமைப்புகள் மீது எடுத்த நடவடிக்கை என்ன, எந்தத் தேதிக்குள் முடியும்.

எம்.பி.யின் சேவை மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த அதிகாரி தம்பி பொறுமையாகப் படித்தார். ஒரே கேள்விக்குள் இவ்வளவு போகாது, இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், ஒன்றை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். எதை முதலில் கேட்பது என்று வகுப்பில் ஒரே வாக்குவாதம். தொகையைத்தான் முதலில் கேட்க வேண்டும், எண் வந்தால் பத்திரிகையில் வரும் என்றான் அந்தப் பையன். அமைச்சர் யார் என்பதை முதலில் பதிவாக்குவோம், அப்போதுதான் தொகையைக் கேட்கும்போது "அது வேறு அமைச்சின் பொறுப்பு" என்று யாரும் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.